எருமை வாயில் மூன்றாம் அத்தியாயம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற இந்தக் கால்வே நகரத்தில், பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை சொல்கிறது. கைத்தடி ஊன்றிய பெரியவர் சொல்கிறார். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உலகத்தையே மறந்திருக்கும் வாலிபன்கூட அந்த ஒரு நொடி கண்விழித்து, சொல்லிவிட்டு, மறுபடி மறந்துபோகிறான். வந்த முதல் வாரம் இதைப் பார்த்த நான், அந்த டிரைவருக்கு அன்றைக்கு ஓய்வு பெறும் நாள் போலிருக்கிறது என்று முடிவு செய்து, என் நிறுத்தம் வந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாழ்த்தி இறங்கினேன். அவரும் கண்ணில் குழப்பத்தோடு நன்றி சொன்னார். மறுநாள் காலையில் அதே ஆள் அதே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வருகிறார். அன்று நான் ஏறவில்லை. மழையில் நடந்தே போனேன்.

நம் ஊரில் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற வண்டியில், நாம் கால் வைத்து இறங்குவதற்குள் விசில் கொடுக்கிற கண்டக்டருக்கு நாம் என்ன சொல்லி இறங்குவோம் என்பது உங்களுக்கே தெரியும். அது அச்சில் வராது. ஆனால் நமக்கு நன்றி தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பட்டுப்புடவையை பீரோவில் வைப்பதைப்போல நாம் நன்றியை மடித்து வைத்திருக்கிறோம். மேடையிலும் அச்சிலும் மட்டும் எடுத்து உடுத்துகிறோம். இதை அடித்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் 2004-இலிருந்து சில வருடங்கள் நான் நன்றி தயாரித்துத்தான் சாப்பிட்டேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்ப்புறம் ஒரு சந்தில் ஜமால் பாயின் டி.டி.பி. சென்டர். ஜெராக்ஸ், லேமினேஷன், பைண்டிங், கல்யாணப் பத்திரிகை, அத்தோடு ஆய்வேடு டைப்பிங். எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் சிதம்பரத்தில் சுற்றிக்கொண்டிருந்த என்னை, 'இங்கிலீஷ்ல தப்பில்லாம அடிக்கிற ஆளு' என்று பாய் பிடித்துப் போட்டார். எனக்குப் பெயர் லூர்துராஜ். பாய்க்கு ராஜு. தினமும் பஸ் பிடித்துப் போய்வருவேன். சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆட்கள் கையெழுத்துப் பிரதியை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். வேதியியல், வணிகவியல், விலங்கியல், பொருளாதாரம் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. எதுவும் என் மண்டை வழியாகப் போகவில்லை.

அத்தனை பேருக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் கை ஓடாது. நன்றியுரை. முந்நூறு பக்கம் எழுதியவர், அந்த ஒரு பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு, "நீங்களே போட்டுடுங்க தம்பி" என்பார். பாய் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் காட்டுகிற மாதிரி நன்றியுரைக்கும் மாடல் காட்டுவார். முன்பு பைண்ட் செய்த ஆய்வேடுகளின் நன்றிப் பக்கங்களை லேமினேட் செய்து ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். முதல் மாடல் சாதா: நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், முடிந்தது. இரண்டாவது மாடலில் கடவுள் வருவார்; எந்தக் கடவுள் என்று கேட்டுப் போடுவோம். மூன்றாவது மாடல்தான் கிராண்ட். அதை எழுதியவன் நான்.

அது எழுதப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். குமராட்சியிலிருந்து கலைச்செல்வி என்று ஒரு மேடம் வந்துகொண்டிருந்தார். வரலாற்றில் ஆய்வு. ஒருநாள் மத்தியானம் நன்றியுரைக்கு மாடல் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் அணைந்தது, ஃபேன் நின்றது, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா பேச்சுக் கொடுப்பதற்காக, "இதை முடிக்கறதுக்கு உங்களுக்கு நெஜமா ஒதவி பண்ணது யாரு மேடம்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும், "எங்க மாமியாருதான். அவுங்களுக்கு நான் படிக்கறதே புடிக்காது" என்றார். வாசலில் கல் வைத்து அமுக்கியிருந்த மூன்றாம் அத்தியாயத்தை வீட்டு எருமை சுருட்டி வாயில் போட்டுக்கொண்டதாம். இவர் அலறிக்கொண்டு நிற்கையில், மருமகள் படிப்பை மூன்று வருடமாகத் திட்டித் தீர்த்த மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, எருமையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, அத்தியாயத்தை இழுத்துப் போட்டுவிட்டு, "இந்தா, ஒன் சனியன்" என்று சொல்லி மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

கரண்ட் வந்ததும் அதை அப்படியே நன்றியுரையின் கடைசிப் பத்தியில் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் படிப்பதை ஒருநாளும் விரும்பாதவரும், ஆனாலும் என் மூன்றாம் அத்தியாயத்துக்காக எருமையின் வாய்க்குள் கையை விட்டவருமான என் மாமியாருக்கு, இந்த ஆய்வேட்டில் நெறியாளருக்கு அடுத்த பங்கு உண்டு.' மேடம் படித்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. பாயும் படித்துவிட்டு, "டேய், இது நல்லா கீதுடா" என்று உடனே லேமினேட் போட்டுக் கம்பியில் மாட்டிவிட்டார்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. வருகிறவர்கள் எல்லாம் நீளமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்று மூன்றாவது மாடலையே கேட்டார்கள். நெறியாளர் பெயரை மாற்று, கல்லூரிப் பெயரை மாற்று, அவ்வளவுதான். கடைசிப் பத்தி வரை யாரும் படிப்பதில்லை. படித்தவர் ஒருவர்தான் எனக்கு நினைவிருக்கிறது. வேதியியல் பையன். "அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல, மாமியாரு எங்கேருந்து வந்தாங்க?" என்று கேட்டான். நான் அழிக்கப் போனேன். பாய் தடுத்துவிட்டார். "இருக்கட்டும் வுடு. எப்பிடியும் வரப்போறவங்கதானே, அட்வான்ஸா சொல்லி வைப்பா. நாளைக்கி நல்லா கவனிச்சுக்குவாங்க" என்றார். பையனுக்கு அது நியாயமாகப் பட்டது. எருமையைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது. அமலி சிதம்பரத்துப் பெண், நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. நான் அவள் பாஸ்போர்ட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். நம் ஊரில் பெண்கள் புருஷன் வேலையை நம்பி வெளிநாடு போவார்கள். நான் பெண்டாட்டி வேலையை நம்பி வந்தவன். காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நின்று மழையை வேடிக்கை பார்ப்பேன். இங்கே ஒரே ஒரு சந்தோஷம், என் பெயர். சென்னையில்கூட லூர்துவை லார்டு என்பான். இங்கே தடுக்கி விழுந்தால் பிரான்சிலிருக்கும் லூர்து மாதா கோவிலுக்குப் போய்வந்த ஒரு பாட்டியின் மேல்தான் விழவேண்டும். பெயரைச் சொன்னதும், "அங்கேயா பிறந்தாய்?" என்று கேட்பார்கள். இல்லை, கடலூர் மாவட்டம் என்பேன். அது பிரான்சில் எந்தப் பக்கம் என்பார்கள்.

இரண்டாவது வருடம் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு ஒப்பந்த வேலை அமைந்தது. பழைய புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவார்கள். கணினி தப்பாகப் படித்த எழுத்துகளை நான் உட்கார்ந்து திருத்தவேண்டும். பாய் கடையில் செய்த அதே வேலைதான், ஃபேனுக்குப் பதில் ஹீட்டர். இதற்கு இங்கே டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ் என்று பெரிய பெயர். அதை நடத்தியவர் மேவ் என்கிற பேராசிரியை. என்னை விடப் பத்து வயது பெரியவர், சைக்கிளில் வருவார், எதைச் சொன்னாலும் முழுதாக நம்புவார். இங்கே எல்லாரும் எல்லாரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். 'மேவ் மேடம்' என்று நான் கூப்பிட்டபோது, மேடம் என்பது என் குடும்பப் பெயர் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

ஆனால் என் மனசு திருத்துகிற வேலையில் இல்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எழுத்துப் பயிற்சி மையம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். மாணவர்கள் தங்கள் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் எதிரில் உட்கார்ந்து, 'இந்த இடத்தில் என்ன சொல்ல வருகிறாய்?' என்று கேட்பார். அவ்வளவுதான் வேலை. கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தபோது எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கல்லூரியில் ஐந்து வருடம் நோட்ஸை மனப்பாடம் செய்து வாந்தி எடுத்தவன் நான். என்ன சொல்ல வருகிறாய் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. 2011-இல் அந்த மையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அயர்லாந்தே அப்போது கடனில் மூழ்கியிருந்தது, என் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிற நேரம். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி ஜன்னலும் மழையும்தான். நேர்காணலுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: நீங்கள் எழுதி வெளிவந்த ஒரு எழுத்தைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசவேண்டும். நான் எழுதி எதுவும் வெளிவந்ததில்லை. வாசகர் கடிதம்கூட இல்லை.

இந்தக் கவலையில் நான் இருக்கும்போதுதான் எருமை வந்தது. மேவின் குழு ஒரு புரோகிராம் எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒப்பிட்டு, எந்த வாக்கியம் எங்கெங்கே திரும்ப வருகிறது என்று காட்டும். சோதித்துப் பார்க்க நிறையப் பக்கங்கள் தேவைப்பட்டன. உலகம் முழுக்க அப்போது ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் திறந்துவிட ஆரம்பித்திருந்தார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் சிலவும் ஏற்றியிருந்தன. மேவ் அவற்றையும் கொண்டுவந்து கொட்டினார். ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"லூர்து, உங்கள் பகுதியில் எருமைக்கு ஏதாவது முக்கியத்துவம் உண்டா?"

நான் தயிரையும் டீக்கடையையும் நினைத்துக்கொண்டு, "எருமை இல்லாவிட்டால் எங்களுக்குப் பொழுதே விடியாது" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டினார். வேதியியல், வணிகவியல், விலங்கியல், பொருளாதாரம். வெவ்வேறு கல்லூரி, வெவ்வேறு வருடம். நாற்பது ஆய்வேடுகளுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் என் வாக்கியம். வரிசையாக நாற்பது மாமியார்கள், நாற்பது எருமைகளின் வாய்க்குள் நாற்பது கைகள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்கூட இருந்தார்! மெய்யியல் ஆய்வு. சாமியாரும் தன் மாமியாருக்கு மனமார நன்றி சொல்லியிருந்தார்.

அந்தப் பாதிரியார்தான் மேவுக்குத் திறவுகோல். மணம் செய்யாத துறவிக்கு மாமியார் ஏது? ஆகவே மாமியார் என்பது உருவகம். எருமையைப் பற்றி அவர் ஏற்கனவே படித்துவிட்டார்: எமனின் வாகனம். மூன்றாம் அத்தியாயம் என்பது பிறப்பு, வாழ்வு தாண்டிய மூன்றாம் நிலை. ஆக, சாவின் வாயிலிருந்து அறிவை மீட்டுத் தரும் முதிய தாய்த் தெய்வம் ஒன்றை இந்த மக்கள் படிப்பின் முடிவில் வணங்குகிறார்கள். இதுவரை எந்த ஆய்வாளரும் பதிவு செய்யாத சடங்கு வாசகம்! "நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோம், லூர்து. உங்கள் பெயரும் வரும்" என்றார். வெளிவந்த எழுத்து! நேர்காணலுக்கு நான் தேடிக்கொண்டிருந்தது! யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த அமலியிடம் சொன்னேன். அவள் சோபாவில் உருண்டாள். ஃபாதர் கட்டம் வந்தபோது ஷூவோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, கடலூர் மாவட்டத்துலயே ஜாஸ்தி புத்தகத்துல வந்த எழுத்து உங்களுதுதான். அதையே எடுத்துக்கினு போங்களேன்."

"காப்பியடிக்கறதுக்கு மாடல் போட்டுக் குடுத்தவன்னு தொரத்திடுவாங்கடி. அங்க செவுத்துல பூரா, எழுத்தைக் களவு செய்யாதேன்னு நோட்டீசு ஒட்டியிருக்கான்."

"அப்ப அந்த அம்மா சொல்றதையே எழுதுங்க. மாமியாரு சாமின்னு. எங்கம்மா கேட்டா சந்தோசப்படும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சும்மா இருந்தால் பெயர் வரும், வேலையும் வரலாம். வாக்கியம் மட்டும் என்னுடையதாக இருக்காது, பெயர் தெரியாத ஒரு தெய்வத்துக்குப் போய்விடும். உண்மையைச் சொல் என்று என்னைத் தள்ளியது நேர்மை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம். வெறும் பெருமை. எழுதியவனுக்கு, 'இது நான் எழுதியது' என்று கூரை ஏறிக் கத்தத் தோன்றுமே, அந்த அரிப்பு. சாவுக்கும் எமனுக்கும் என் எருமையை நான் விட்டுக்கொடுப்பதா?

மஞ்சக்குப்பத்துக்கு ஃபோன் போட்டேன். கடை நன்றாக ஓடுகிறது. இப்போது ரயில் டிக்கெட்டும் பாஸ்போர்ட் விண்ணப்பமும் சேர்ந்துகொண்டன. "பாய், அந்த மூணாம் மாடலு இன்னும் இருக்கா?"

"இல்லாம? நேத்துகூட ஒரு பொண்ணுக்குப் போட்டேன். ஏண்டா, அங்க யாருக்காச்சும் வேணுமா? மெயில்ல அனுப்பட்டா?"

அவரிடமே கலைச்செல்வி மேடத்தின் நம்பரை வாங்கினேன். மேடம் இப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, அது யாருடைய வாக்கியம் என்று சபையில் சொல்வதற்கு அனுமதி கேட்டேன். மறுமுனையில் புஸ்புஸ்ஸென்று மூச்சு கேட்டது. கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

"அது யாருதுன்னு கேட்டா என்னாத்தச் சொல்றது லூர்து? நான் சொன்னேன், நீங்க எழுதுனீங்க, கைய வுட்டது எங்க அத்தை. இருங்க, அவுங்ககிட்டயே குடுக்கறேன்."

மாமியார் ஃபோனுக்கு வந்தார். நாற்பது பேர் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று உரக்கச் சொன்னேன்.

"எத்தினி பேரு?"

"நாப்பதுக்கு மேலம்மா. அதுல ஒரு சாமியாரு வேற."

"அத்தினி பேரும் படிச்சவங்களா?"

"எல்லாரும் பெரிய படிப்பும்மா."

"அப்பறம் ஏன் ஒருத்தரும் எங்க வூட்டுக்கு வரல?" என்று கேட்டார். அவரே தொடர்ந்தார். "சரி, அந்த வெள்ளக்காரம்மாகிட்ட சொல்லு தம்பி, கையில இன்னும் தழும்பு கீது, வேணும்னா வந்து பாக்கச் சொல்லு."

நேர்காணல் அறையில் மேவும் நூலகத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். நூலகத் தலைவர் தாடி வைத்த பெரிய மனிதர், சிரித்தே பார்த்ததில்லை. வெளிவந்த எழுத்து எங்கே என்று கேட்டார். மேவின் பட்டியலை நாற்பது பக்கமாக அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேஜை மேல் வைத்தேன். "இதை எழுதியவன் நான்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தலை சுற்றியது, பயத்தினால் அல்ல. ஏழு வருடமாகக் கம்பியில் தொங்கிய ஒரு கிரீடத்தை இறக்கி என் தலையில் நானே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கரண்ட் போனதிலிருந்து சாமியார் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

மேவ் பட்டியலை மறுபடி புரட்டினார். அவருடைய கட்டுரை, தாய்த் தெய்வம், மூன்றாம் நிலை எல்லாம் அந்த மேஜையில் செத்துக் கிடந்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கேட்டார்:

"அப்படியானால் அந்த எருமை... எருமைதானா?"

"எருமைதான், மேவ். பால் கறக்கும்."

முதலில் வெடித்தது தாடிக்காரர். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு மேவ், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் அடங்கிய பிறகு தாடிக்காரர் தன் பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டார். "இந்த நாற்பது பேரும் திருடினார்கள் என்பதுதானே இதற்குப் பொருள்?"

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று போடுகிறவனை யாரும் திருடன் என்பதில்லை, அழைக்கத்தான் போட்டான் என்று தெரியும், நன்றியும் அப்படித்தான் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மாமியார் கேட்ட கேள்வி மனசிலேயே நின்றிருந்தது. "ஆனால் இந்த நாற்பது பேர் வீட்டிலும் ஒரு எருமை இருந்திருக்கும்" என்றேன். "யாரோ வளையலை அடகு வைத்திருப்பார்கள். யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. உங்களுக்கு யார் உதவினார்கள் என்று நான் கேட்டது ஒரே ஒருத்தரைத்தான், அதுவும் கரண்ட் போன புண்ணியத்தில். கேட்டதும் அவருக்கு எழுத வந்துவிட்டது. கீழே அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கரண்ட் இருக்கும்போதே எல்லாரையும் கேட்கிற வேலை எனக்கு வேண்டும்."

நம் ஆட்களுக்கு நேர்காணலில் அழக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள். நான் அழுதுவிட்டேன்.

வேலை கிடைத்தது. முழு வேலை இல்லை; நாடு இருந்த நிலையில் வாரத்தில் சில மணி நேரம். எனக்கு அதுவே திருவிழா. அமலி அன்று ஆஸ்பத்திரி முழுக்க லட்டு என்று சொல்லி ஏதோ உருண்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கண்ணாடி அறையில் என் எதிரில் முதலில் வந்து உட்கார்ந்தது பண்ணை வீட்டுப் பையன் ஒருவன். கட்டுரை முழுக்க எங்கோ பார்த்து எழுதிய கனமான வார்த்தைகள். இதை எழுதும்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டேன். பசு கன்று போட்டுக்கொண்டிருந்தது, நான் டார்ச் பிடித்தேன் என்றான். அதில் தொடங்கி ஒரு மணி நேரம் பேசினோம். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, நீங்களும் கால்வே பக்கம்தானா என்று கேட்டான். தோராயமாக, என்றேன்.

மேவ் கட்டுரையைக் கைவிடவில்லை. தெய்வத்தை எடுத்துவிட்டு, பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஊரில் ஒரு வாக்கியம் எப்படிப் பயணம் செய்கிறது என்று புதிதாக எழுதினோம். இருவர் பெயரும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும் இணைய இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் பெயருக்கு மேலே பொடியாக எண் போட்டு, கீழே அந்த எண்ணுக்கு நேராக அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று போடவேண்டும். மேவ் பெயருக்கு மேலே ஒன்று. என் பெயருக்கு மேலே ஒன்று, இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகம், கால்வே. இரண்டு, ஜமால் பாய் கடையின் பெயர், மஞ்சக்குப்பம், கடலூர். இதழிலிருந்து கேட்டு எழுதினார்கள்: இரண்டாவது நிறுவனத்தின் இணையதளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை, உறுதி செய்யவும். பாயிடம் கேட்டேன். "நமக்கு எதுக்குடா வெப்சைட்டு? மைதானத்தாண்ட வந்து கேட்டா யாரு வேணா சொல்லுவாங்க" என்றார். அதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக ஒரு கேள்வி: தபால் தொடர்புக்கு எந்த முகவரி? ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் மாறுகிற ஆள் நான். வீடும் இரண்டு முறை மாறிவிட்டோம். யோசிக்காமல் இரண்டாவதைப் போட்டேன்.

கட்டுரை 2012-இல் வந்தது. போன வாரம், நான் கண்ணாடி அறையில் ஒரு மாணவிக்காகக் காத்திருக்கும்போது பாய் ஃபோன் செய்தார். பின்னால் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"டேய் ராஜு, ஒன் பேருக்கு பின்லாந்துலேருந்து தபால் வந்துருக்குடா. இங்கிலீஷ்ல. ஒன் கட்டுரையப் படிச்சானாம், எருமையப் பத்தி இன்னும் வெவரம் கேக்கறான். நான் பதில் போட்டுடறேன். நீ இங்க இல்லன்னு போடட்டா, வெளியில போயிருக்கன்னு போடட்டா?"

ஜன்னலுக்கு வெளியே மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. கதவைத் தட்டிக்கொண்டு மாணவி வந்துவிட்டாள்.

"வெளியில போயிருக்கேன்னு போடுங்க பாய்" என்றேன்.